இரவல் இதயமும் இரண்டு நாள் கூலியும்

ஊத்தங்கரையில் கோழி கூவுமுன்னே பேருந்து நிலையம் விழித்துக்கொள்ளும். போச்சம்பள்ளிக்கும் பர்கூருக்கும் ஓசூருக்கும், அத்திப்பள்ளி எல்லை கடந்து பெங்களூருக்கும், தூக்குப் பாத்திரத்தோடு பாட்டாளிகள் புறப்படும் வேளை அது. அந்தக் கூட்டத்திலே ஒருவன் இருமுகிறான். உடல் அனலாய்க் கொதிக்கிறது. "ஏனப்பா, இன்று ஒருநாள் வீட்டில் படுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். "படுத்துக் கிடந்தால் கூலியை யார் தருவார், அண்ணே?" என்பான். அந்தப் பதிலுக்கும், எங்கோ ஒருவர் மார்புக்குள்ளே துடிக்கும் மாற்று இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் சிலர் கைகொட்டிச் சிரிப்பர். சிரிக்கட்டும்! தொடர்பு உண்டு என்பதைத்தான் இன்று எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

1969இல் அண்ணா மறைந்த நாளில், கலைஞர் தம் இரங்கற்பாவிலே அண்ணனின் இதயத்தை இரவலாகக் கேட்டார் என்பதைக் கழகத் தோழர் எவரும் மறந்திலர். அது கவிஞரின் வேண்டுகோள். ஆனால் ஒருவர் இதயத்தை இன்னொருவர் மார்பிலே பொருத்தும் வித்தை, அதற்கு ஓராண்டுக்கு முன்னரே உலகில் நடந்தேறிவிட்டது. 1967 டிசம்பர் 3ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், கிறிஸ்டியன் பர்னார்டு என்ற மருத்துவர் அதைச் செய்தார். இதயம் பெற்றவர் லூயி வாஷ்கான்ஸ்கி என்ற மளிகைக் கடைக்காரர். உலகமே வியந்தது. பதினெட்டே நாட்கள்; அவர் இறந்துபோனார்.

எதனால் இறந்தார்? புதிய இதயம் நின்றுவிட்டதா? இல்லை! அது கடைசிவரை உழைத்தது. நுரையீரலில் புகுந்த நோய்க் கிருமி அவரைக் கொண்டுபோயிற்று. அன்று அந்த ஆஸ்பத்திரியிலே கிடைத்த பாடம், கொரோனாக் காலத்திலே உலகம் முழுவதற்கும் மீண்டும் நடத்தப்பட்டது.

பாடம் இதுதான். நம் உடலுக்குள்ளே ஒரு காவற்படை இருக்கிறது. வெளியிலிருந்து வருவது எதுவாயினும், "நீ அயலான்" என்று பாய்ந்து தாக்கும். கிருமியைத் தாக்குவது போலவே, உயிர் காக்க வந்த மாற்று இதயத்தையும் தாக்கும். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று அந்தப் படைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே அந்தப் படையின் வேகத்தைக் குறைக்க மருந்து வேண்டும். 1968இல் பல நாடுகளிலே இதய மாற்று அறுவைகள் நடந்தன. தக்க மருந்து இல்லாததால் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நார்வே நாட்டு மண்ணிலே கிடந்த ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, 1980களில் புழக்கத்துக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் போன்ற மாத்திரைகள். காலையும் மாலையும், ஆயுள் முழுவதும்!

காவலைத் தளர்த்தினால்தான் இதயம் தங்கும். காவல் தளர்ந்தால் கிருமி புகும். இந்தக் கத்தி முனையிலேதான் அவர்கள் வாழ்கிறார்கள்.

இத்தகையோர் நம் நாட்டிலே மிகச் சிலர் என்று எண்ணிவிடாதீர். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மாணவன் ஒருவன் விபத்திலே மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அழுத கண்ணோடு மகனின் உறுப்புகளை ஈந்தனர். காவலர் சாலையை ஒழித்துத் தர, அவன் இதயம் சென்னை நகரைச் சில நிமிடங்களில் கடந்து ஒரு சிறுமியின் மார்பிலே துடித்தது. அதே ஆண்டு, கலைஞர் ஆட்சியில், உறுப்புக் கொடைக்கென அரசுத் திட்டம் பிறந்தது. 2009இல் அவர் தந்த காப்பீட்டுத் திட்டம், 2012இல் வேறு பெயர் பூண்டு விரிந்தது. உறுப்பு மாற்று அறுவையும் அதன் வரம்புக்குள் வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை தந்தோருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு மூளைச்சாவு அடைந்த 178 பேரின் குடும்பங்களும், 2024இல் 268 பேரின் குடும்பங்களும் தமிழகத்தில் உறுப்புகளை ஈந்தன. சீமான் வீட்டுச் சிகிச்சை என்று இருந்தது, குடிசைக்கும் எட்டும் நிலை வந்தது.

அப்படிக் கொடுத்த உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது? இங்கேதான் கொரோனா வந்து கேள்வி கேட்டது.

2020 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வகுத்தபோது, தமிழகத்திலே பச்சை நிறம் பெற்ற ஒரே மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. பெருமைதான்! ஆனால் சில நாட்களிலேயே நோய் இங்கும் வந்தது. எல்லைச் சாவடியில் தடை போடலாம். கிருமிக்கு இ-பாஸ் கேட்பார் உண்டோ?

அதே நேரத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு கணக்கு வந்தது. அங்கே ஒரு பெரிய மருத்துவ மையத்தின் கவனிப்பில் இருந்த, மாற்று இதயம் பெற்றோரில் 28 பேருக்குக் கொரோனா. அவர்களில் 22 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். நான்கிலே ஒருவர்! தடுப்பூசி பிறக்காத காலத்துக் கணக்கு அது. வூகான் நகரத்து மருத்துவர்களோ, மாற்று இதயத்தோடு இருந்த இருவர் நோயுற்றுப் பிழைத்ததையும் எழுதினர். ஆகவே இது விதி அல்ல. கவனிப்பால் வெல்லத்தக்க போர்.

தடுப்பூசி வந்ததே, அது போதாதா என்பீர்கள். தடுப்பூசி என்பது உடலின் காவற்படைக்குப் பயிற்சி தருவது. மருந்தால் மயங்கிக் கிடக்கும் படை, பயிற்சியை எப்படிக் கற்கும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் கண்டது: மாற்று உறுப்புப் பெற்றோரில், முதல் ஊசிக்குப் பின் எதிர்ப்புப் பொருள் உண்டானது நூற்றுக்கு 17 பேருக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின்னும் 54 பேருக்குத்தான். அதனால் அந்நாடு 2021 ஆகஸ்டிலேயே அவர்களுக்கு மூன்றாம் ஊசிக்கு ஒப்புதல் தந்தது.

இங்கே என்ன நடந்தது? 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட நோய்ப் பட்டியலில் மாற்று இதயமும் இருந்தது, பாராட்டுகிறோம். ஆனால் 45 வயது நிரம்பியிருக்க வேண்டுமாம்! முப்பது வயதில் இரவல் இதயம் தாங்கியவன் மே மாதம்வரை காத்திருந்தான். மூன்றாம் ஊசியோ, 2022 ஜனவரியில் முன்களப் பணியாளருக்கும், நோயுள்ள முதியோருக்கும் மட்டும். மற்றவர்க்கு ஏப்ரலில், தனியார் மையத்திலே, காசுக்கு! இலவசமாகக் கிடைத்தது ஜூலை 15 முதல், 75 நாட்களுக்கு. தேவை அதிகம் உள்ளவனை வயதும் பணமும் தடுத்தன. இதை நீதி என்று எந்த நாவால் சொல்வது?

2023 மே 5ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததென்று அறிவித்தது. நெருக்கடி முடிந்தது, கிருமி முடியவில்லை. நமக்கு மூன்று நாள் காய்ச்சலாய்ப் போவது, அவர்களிடம் வாரக்கணக்கில் தங்கக் கூடும். ஆகவே அத்தகையோர் இருக்கும் இல்லங்களுக்கு இரண்டு செய்திகள். காய்ச்சல் கண்டதும் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. நிறுத்தினால் உடலே இதயத்தைத் தாக்கும். கூட்டுவதும் குறைப்பதும் மாற்று அறுவை மருத்துவரின் பணி. கடைக்காரர் தரும் மருந்தையும் கேளாமல் விழுங்கலாகாது. கொரோனாவுக்கென வந்த பாக்ஸ்லோவிட் மருந்தே, டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் ஆபத்தாக ஏற்றிவிடும் தன்மையது.

இனி, தொடக்கத்தில் கண்ட தொழிலாளிக்கு வருவோம். தம் காவல் தளர்ந்தவருக்குச் சுற்றி நிற்பவர்தாம் காவல். மாற்று இதயம் பெற்ற தம்பிக்கு அண்ணன் ஓசூரில் ஆலைத் தொழிலாளி என்று கொள்வோம். ஆலையில் ஒருவன் காய்ச்சலோடு வருகிறான். அண்ணன் வழியாகக் கிருமி ஊத்தங்கரை வீட்டுக்குள் நுழைகிறது. யார் குற்றவாளி? காய்ச்சலோடு வந்தவனா? அவனை வரவைத்தது எது? ஈ.எஸ்.ஐ. திட்டத்திலே நோய்க் காலத்துக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு உண்டு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. நல்ல திட்டம்! ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை இல்லை என்பது அதன் நெடுநாள் விதி. நோய் பரவும் தொடக்க நாட்களும் அவைதாமே! பதிவேட்டிலே பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, அந்த 70 பங்கும் கானல்நீர். இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடித்து, இலட்சக் கணக்கிலே அரசு செலவிட்டுக் காத்த இதயத்தை இழப்பது எந்த ஊர்க் கணக்கு?

நாம் கேட்பது பெரிதல்ல. காய்ச்சலின் முதல் நாள் முதலே ஊதியம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். வாழ்நாள் மாத்திரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2022இல் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்த பின், அதற்காகவும் சென்னைக்கு ஓடும் நிலை இருத்தலாகாது. அடுத்த தடுப்பூசி வரிசையில், வயது பாராமல் இவர்கள் முதலில் நிற்க வேண்டும். கோட்டையில் எவர் அமர்ந்தாலும், டில்லியில் எவர் ஆண்டாலும், இக்கோரிக்கை மாறாது.

தோழர்களே! உங்கள் கிளையில், உங்கள் தெருவில், மாற்று உறுப்போடு வாழ்பவர் உண்டா என்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்குச் செல்லும்போது முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சல் இருந்தால் செல்லாதீர்கள். மாத்திரை வாங்க ஆள் இல்லையேல், நீங்கள் போய் வாருங்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலே இரண்டு நாள் கூலிப் பிரச்சினையைத் தீர்மானமாக வையுங்கள். இறந்தும் ஈந்த ஒருவரின் இதயம் நம்மிடையே துடிக்கிறது. அதைத் துடிக்க விடுவது, உயிரோடிருக்கும் நம் கடன்!