வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு: பாஸ்புக் சொல்வதும் சொல்லாததும்

கடைக்குத் தீ இன்சூரன்ஸ், வண்டிக்கு இன்சூரன்ஸ், லாரியில் வரும் சரக்குக்கு இன்சூரன்ஸ் என்று வணிகர்களாகிய நாம் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி வருகிறோம். நாம் ஒரு காசும் கட்டாமலேயே நமக்கு உள்ள இன்சூரன்ஸ் ஒன்று உண்டு. அதுதான் வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு. அது எவ்வளவு தொகைக்கு, எந்தக் கணக்குக்கு என்று கேட்டால் நம்மில் சரியாகச் சொல்லக் கூடியவர்கள் சிலரே.

1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டுப் பலர் பணம் முடங்கியது. அதன் பின் சட்டம் இயற்றி, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் செயல்படத் தொடங்கியது. இது ரிசர்வ் வங்கிக்கு முழுவதும் சொந்தமானது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பீடு. 1993-ல் அது 1 லட்சம் ஆயிற்று. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ஆக்கப்பட்டது. பிரீமியத்தை வங்கிதான் கட்ட வேண்டும். நம் கணக்கில் பற்று எழுதக் கூடாது.

இதை வாடிக்கையாளருக்கு வங்கி எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஒரு வங்கி காப்பீட்டில் பதிவாகும்போதே கழகம் அதற்கு அச்சிட்ட விளம்பரத் தாள் கொடுக்கிறது. கிளையில் மக்கள் பார்வைக்கு அதை வைக்க வேண்டும். 2017 ஜூன் 22-ம் தேதிச் சுற்றறிக்கையில், பாஸ்புக்கின் முன்பக்கத்திலேயே காப்பீடு பற்றியும் அதன் உச்சவரம்பு பற்றியும் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 செப்டம்பர் 1 முதல் வங்கிகளின் இணையதளத்தில் கழகத்தின் சின்னத்தையும், போனில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தையும் போடும்படி கழகம் கூறியது.

இந்த அறிவிப்பை மக்கள் எப்படி எடுத்துக் கொண்டார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில், ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் கட்டுப்பாடு வந்தது. அடுத்த மாதமே, வேறொரு பெரிய தனியார் வங்கியின் பாஸ்புக்கில் குத்தியிருந்த காப்பீட்டு முத்திரையின் படம் போனுக்குப் போன் பரவி, "இந்த வங்கியும் போகப் போகிறதா?" என்று பீதி கிளம்பிற்று. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி குத்திய முத்திரைதான் இது என்று அந்த வங்கி விளக்கம் கொடுக்க நேர்ந்தது. 1993 முதல் இருந்துவந்த 1 லட்சம் வரம்பைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் படித்தார்கள்!

வணிகருக்கு இதில் ஒரு குறை உண்டு. விதி பாஸ்புக்கைச் சொல்கிறது. நம் கடைப் பணம் புழங்குவதோ கரண்ட் அக்கவுண்டில். அதற்குப் பெரும்பாலும் பாஸ்புக் கிடையாது, ஸ்டேட்மெண்ட்தான். ஆக, அதிகப் பணம் புரட்டுகிறவர் கண்ணில்தான் இந்த அறிவிப்பு படாமல் போகிறது. நான் ஒரு வங்கிக் கிளையில் இதைக் கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி, "பயப்படாதீங்க சார், பெரிய பேங்க்" என்றார். நான் கேட்டது பயம் பற்றி அல்ல, கணக்கு பற்றி.

பாஸ்புக்கில் வரும் இரண்டு வரியும் முழுக் கணக்கைச் சொல்லாது. 5 லட்சம் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் அல்ல. ஒரே வங்கியில் ஒருவருக்கு ஒரே உரிமையில் உள்ள எல்லாக் கணக்கையும், எல்லாக் கிளையிலும், அசலும் வட்டியும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பார்கள். தனி உரிமையாளர் கடை என்றால் கடைப் பெயரில் உள்ள கணக்கும் உரிமையாளரின் சொந்தக் கணக்கும் ஒன்றுதான். உதாரணமாக, ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்டில் 3 லட்சம், சொந்தப் பெயரில் எஸ்.பி. கணக்கில் 1,50,000, அதே வங்கியின் வேறு கிளையில் பிக்சட் டெபாசிட் 4 லட்சம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 8,50,000. காப்பீடு 5 லட்சம்தான். மீதி 3,50,000, வங்கியின் சொத்தை விற்று வருவதைப் பொறுத்தது. அந்த டெபாசிட்டை மட்டும் வேறு வங்கியில் போட்டிருந்தால் முழுத் தொகையும் பாதுகாப்பில் வந்திருக்கும்.

பார்ட்னர்ஷிப் நிறுவனம் அப்படியல்ல. நிறுவனக் கணக்குக்குத் தனியாக 5 லட்சம், பங்குதாரரின் சொந்தக் கணக்குக்குத் தனியாக 5 லட்சம். மனைவி பெயரில் மட்டும் உள்ள கணக்கும் தனி. கணவன் மனைவி கூட்டுக் கணக்குகளில் பெயர் வரிசை மாறினாலும் தனித் தனியாகவே கொள்ளப்படும். வட்டியும் வரம்புக்குள் அடங்குவதால், சரியாக 5 லட்சத்துக்கு டெபாசிட் போட்டால் வட்டி வெளியே நிற்கும்.

கேஷ் கிரெடிட், ஓ.டி. வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்கவும். வங்கி தனக்கு வர வேண்டிய பாக்கியை நம் டெபாசிட்டில் கழித்துக் கொள்ள உரிமை உண்டு. கழித்தது போக நிற்கும் தொகைக்குத்தான் காப்பீடு. 4 லட்சம் டெபாசிட்டும் 3 லட்சம் பாக்கியும் இருந்தால் கணக்கில் வருவது 1 லட்சம்தான்.

அரசு வங்கி, தனியார் வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும், நிதி நிறுவனங்களுக்கும், சீட்டுக் கம்பெனிக்கும் இல்லை. பஜாரில் கால் சதம், அரைச் சதம் வட்டி கூடுதலுக்காக இவற்றில் போடுகிறவர்கள் அதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

முன்பெல்லாம் வங்கி முடங்கினால், உரிமம் ரத்தாகிக் கணக்கு முடிக்கும் வரை காப்பீட்டுப் பணத்துக்கும் காத்திருக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் சட்டம் மாறியது. பணம் எடுக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தால், 45 நாளில் அந்த வங்கி பட்டியல் கொடுக்க வேண்டும். கழகம் 30 நாளில் சரிபார்த்து, அடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும். ஆக 90 நாள். இதற்கு நாம் வங்கியில் சம்மதக் கடிதமும், பணம் போய்ச் சேர வேண்டிய வேறொரு வங்கிக் கணக்கின் விவரமும் கொடுக்க வேண்டும். எனவே இரண்டாவது வங்கியில் ஒரு கணக்கு வைத்திருப்பதும், கே.ஒய்.சி. காகிதங்களை அவ்வப்போது புதுப்பித்து வைப்பதும் அவசியம். கடைக்கணக்கு ஒரே வங்கியில் இருப்பவர்கள், அடுத்த முறை கிளைக்குப் போகும்போது காப்பீட்டுத் தாள் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.