தமிழ் பேசும் சாக்ஸபோன்

"நீங்க இந்து பேசுவீங்களா?" அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்தவர்கள். சிலரிடம் "இண்டியன் பேசுவீங்களா?" என்று வரும். இந்து என்பது மதம், இண்டியன் என்றொரு மொழியே கிடையாது என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போனவர்களைக் கேட்டாலும் இதுபோல ஒரு கதை கிடைக்கும்.

ருத்ரேஷ் மகந்தப்பா இந்தக் கேள்வியை ஒரு ஜாஸ் ஆல்பமாக்கினார். கன்னடப் பெற்றோருக்கு 1971இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வளர்ந்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் அவர். அமெரிக்க இந்தியர்கள் சிலரிடம் அதே கேள்வியைப் போட்டு, அவரவர் தாய்மொழியில் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு அந்தப் பதில்களில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு ஸ்வரங்களாக எழுதினார். 2004இல் பை ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட 'மதர் டங்' ஆல்பம் இப்படிப் பிறந்தது. அதிலுள்ள உருப்படிகளின் பெயர்களைப் பாருங்கள்: கன்னடம், குஜராத்தி, தெலுங்கு, கொங்கணி, மலையாளம். தமிழும் உண்டு.

பேச்சில் ஏது ராகம் என்று தோன்றினால் அரியலூர் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். "செயங்கொண்டம் வண்டி போயிடுச்சா?" என்பதன் கடைசி எழுத்து மேலே போய்த் தொங்கும். "போயிடுச்சு" என்ற பதில் கீழே வந்து உட்காரும். சொற்களை உருவிவிட்டு ஒலியை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள், எது கேள்வி, எது பதில் என்று அப்போதும் தெரியும். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பாரியில் பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்?

ஆனால் பேச்சு தாளத்துக்குக் கட்டுப்படாது. மூச்சு தீர்ந்த இடத்தில் வாக்கியம் நிற்கும்; ஸ்வரங்களுக்கு இடையில் வழுக்கிக்கொண்டும் போகும். அதைக் கருவியில் ஏற்றி, மூன்று பேரோடு சேர்ந்து வாசிப்பது லேசான வேலை இல்லை.

அந்த மூன்று பேரில் பியானோ வாசித்தவர் விஜய் ஐயர். நியூயார்க் மாநிலத்தில் பிறந்த தமிழர், பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். பாஸ் வாத்தியத்தில் பிரான்ஸ்வா மூட்டான், டிரம்ஸில் எலியட் உம்பர்ட்டோ கேவி. ஜாஸில் இத்தகைய நால்வர் குழுவைக் குவார்டெட் என்பார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் அதிலிருந்து பிரிந்து, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார். மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். கடைசியில் பழைய மெட்டுக்கே திரும்புவார்கள். கல்பனா ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. சினிமாப் பாட்டைப் போல ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டும் வழக்கம் இங்கே குறைவு. ஒருவர் வாசிப்பதற்கு மற்றவர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதால், ஸ்டுடியோவிலும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வாசிப்பார்கள்.

மகந்தப்பாவுக்கு நம் பக்கத்து இசை வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. அவருடைய அண்ணன் கேலியாக ஓர் ஆல்பத்தைப் பரிசளித்தார். மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் வாசித்த கர்நாடக இசை அது. கேலி வினையாயிற்று!

பெரம்பலூர்ப் பக்கம் கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் சாக்ஸபோனைப் பார்த்தவர்கள் உண்டு. 1994இல் வந்த 'டூயட்' படத்தில் கேட்டவர்கள் இன்னும் அதிகம். அந்தப் படத்துக்காக ஊதியவர் கத்ரிதான். அவருடைய தந்தை நாதஸ்வரக் கலைஞர், மகனும் நாதஸ்வரத்தில்தான் தொடங்கினார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், சாவிகள் நிறைந்த அந்தப் பித்தளைக் கருவியில் ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகத்தைப் பேசவைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். நாதஸ்வரத்தில் விரல் துளையை நேராக மூடும், பாதி மூடி ஸ்வரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி குறுக்கே நிற்கும். பெரும்பாலும் உதட்டையும் மூச்சையும் கொண்டு அந்தக் குறையைக் கடக்க வேண்டும்.

2008இல் மகந்தப்பாவும் கத்ரியும் சேர்ந்து 'கின்ஸ்மென்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். உறவுக்காரர்கள் என்று பொருள். இது குவார்டெட் அல்ல, ஏழு பேர் குழு, வயலினில் ஏ. கன்யாகுமரி. என் காதுக்கு 'மதர் டங்' மூளைக்கு வேலை வைக்கும் இசை. முதன்முறை கேட்பவர் 'கின்ஸ்மென்'னில் தொடங்குவது நல்லது. இரண்டு சாக்ஸபோன்களில் எது மங்களூர்ப் பக்கத்தது, எது அமெரிக்காவினுடையது என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு விளையாட்டு.

அதில் மிருதங்கம் வாசித்தவர் பூவாளூர் ஸ்ரீஜி. பெயரில் இருக்கும் பூவாளூர் லால்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரை பூவாளூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாமே ஒரே திருச்சி மாவட்டம்தான்.