பாட்டு சொந்தம், மேடை எங்கே?

எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கிற்குப் பீடோரிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் எழுந்து, "என் மகன் சொந்தமாகப் பாட்டு எழுதி ஈப்போவில் ஒரு பாரில் போய்ப் பாடுகிறான். பாட வேறு இடமே இல்லையா தம்பி?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேரம் போதாமல் அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

அவருடைய கவலை நியாயமானது. தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை வீட்டுச் சம்பளத்தை விழுங்கியது என்பதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். 1940களில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்தே போராடினார்கள். அந்த நினைவுகளோடு வளர்ந்தவருக்கு 'பார்' என்ற சொல்லே கசக்கத்தான் செய்யும்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? நேரில் போய்ப் பார்த்தேன். 'ஓப்பன் மைக்' என்பது, பெயர் கொடுத்த யாரும் ஏறிப் பாடக்கூடிய மேடை. வாசலில் ஒரு தாள். அதில் பெயர் எழுதிய வரிசையில் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. சம்பளம் கிடையாது. கிட்டாரை நாமே கொண்டு போக வேண்டும். பாதிப் பேர் உங்களைக் கேட்க வந்தவர்களே அல்லர். கண்ணாடிக் குவளைச் சத்தத்துக்கும் அரட்டைக்கும் நடுவில்தான் பாட வேண்டும். தொடர்புத் துறை டிப்ளோமாவில் மைக்கை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்காதவர்களை எப்படிக் கேட்க வைப்பது என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

தெரிந்த சினிமாப் பாட்டென்றால் கூட்டம் கூடவே பாடும். சொந்தப் பாட்டுக்கு அந்தத் துணை இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் திறக்கப்பட்ட 'புளூபேர்ட் கஃபே' இதற்கு ஒரு வழி கண்டது. ஏறக்குறைய 90 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன இடம். பாடலாசிரியர்கள் தங்கள் பாட்டைப் பாடும்போது வாடிக்கையாளர்கள் பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம். டெய்லர் ஸ்விஃப்ட் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தாரின் கண்ணில் பட்டதும் அங்கேதான்.

நம்மிடையே கல்யாண மேடையும் திருவிழா மேடையும் பாட்டுப் போட்டிகளும் ஏராளம். பெரும்பாலும் ஒலிப்பது சினிமாப் பாட்டு. 2006-இல் வெளிவந்து நம் நாட்டுத் தமிழ் ராப் இசையைத் தமிழகம் வரை கொண்டு சென்ற யோகி பி – நட்சத்திராவின் 'வல்லவன்' தொகுப்பிலும், அதிகம் பேசப்பட்ட 'மடை திறந்து' 1980-ஆம் ஆண்டு 'நிழல்கள்' படப் பாட்டின் மறுவடிவமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், பீடோரில் ஒரு பையன் தானே எழுதிய தமிழ்ப் பாட்டைப் பாட ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறான் என்றால், பெற்றோர் பாரைக் கோபிப்பதற்கு முன் நம் மண்டபங்களின் சாவியை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பரிலிருந்து விதி. பதினெட்டு வயதுப் பாடகன் எங்கே போவான்?

பாடப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி வைத்தாலோ ஒலிப்பதிவு செய்தாலோதான் உரிமை பிறக்கிறது. கட்டாயப் பதிவு கிடையாது. விரும்பினால் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திடம் அறிவிக்கலாம், 2012 முதல் அந்த வசதி உண்டு. மனசுக்குள் முணுமுணுத்த மெட்டுக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே மேடையேறும் முன் கைப்பேசியிலாவது தேதியோடு பதிவு செய்து வையுங்கள்.

அன்று அந்தப் பையன் ஏழாவதாகப் பாடினான். முதல் பாட்டை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் முன்மேசைச் சீன நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மொழி புரியாமலே கடைசிவரை கேட்டார்கள். அவன் குடித்தது ஒரு கிளாஸ் லைம் ஜூஸ்.

மறுநாள் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான். பாட்டில் ஒரு பழைய தோட்டத்தின் பெயர் வருகிறதே என்றேன். சற்று நேரம் பேச்சில்லை.

"எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்டார்.