வாசல் விளக்கை சோலாருக்கு மாற்றினால் கரண்ட் பில் குறையுமா? வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத் தோட்டத்து வீடுகளில், பாம்பு பயத்தால் வாசல் விளக்கும் மாட்டுக் கட்டுத்தரை விளக்கும் விடிய விடிய எரிவது வழக்கம். இதை சோலாருக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சம்?

9 வாட் எல்இடி பல்பு தினமும் 12 மணி நேரம் எரிந்தால், 2 மாதத்துக்கு ஆகும் கரண்ட் சுமார் ஆறரை யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 33 ரூபாய்தான். மொத்தமே 100 யூனிட்டுக்குள் என்றால் அது இலவசம், ஒரு பைசா மிச்சமில்லை. அதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்பு இருந்தால் 43 யூனிட் போகும். ஆக, பில்லைக் குறைப்பது பல்பை மாற்றுவதுதான், சோலார் இல்லை.

அப்படியானால் சோலார் வீணா? இல்லை. கரண்ட் கட் ஆனாலும் வெளிச்சம் வேண்டிய இடம், வயர் இழுக்க முடியாத கிணற்றடி, களம், வண்டிப்பாதை இங்கெல்லாம் அதுதான் சரி.

ஏமாறுவது எங்கே?

பெட்டியில் '100 வாட்' என்று போட்டிருக்கும், மேலே உள்ள பேனலோ உள்ளங்கை அகலம். அது பகல் முழுக்க சேர்த்தாலும் இரவு பாதியிலேயே மங்கிவிடும். 9 வாட் விளக்கு விடியும்வரை எரிய சுமார் 40 வாட் பேனலும், 12 வோல்ட் 12 ஏஎச் லித்தியம் பேட்டரியும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கையும் தாங்க வேண்டும் என்றால் பேட்டரி இரண்டு மடங்கு. பேனல் தெற்கு பார்த்து, 11 - 12 டிகிரி சாய்வில், வேப்ப மர நிழல் படாமல் இருக்கணும். வீட்டில் இருக்கும் 230 வோல்ட் பல்பு இதில் நேரடியாக எரியாது, 12 வோல்ட் டிசி பல்புதான் வாங்கணும்.

பசுமை வீடு இருக்கா?

2011-ல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், வீட்டுக்கு 5 சோலார் விளக்குகள் கொடுக்கப்பட்டன. அவை எரியவில்லை என்றதும் பேனலைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேனல் 20 வருஷத்துக்கு மேல் உழைக்கும், முதலில் போவது பேட்டரிதான். நல்ல வெயிலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேனல் 18 முதல் 22 வோல்ட் காட்டினால், புது பேட்டரி போட்டுப் பார்க்கலாம்.

மானியம் கிடைக்குமா?

2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால் அது மின்வாரிய லைனோடு இணையும் கூரை சோலாருக்கு மட்டும். தனி வாசல் விளக்குக்குக் கிடையாது. இன்னொன்று, பேட்டரி இல்லாத கூரை சோலார், கரண்ட் கட் ஆனால் பகலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.