ஃபியூஷன் முடிஞ்ச பிறகும் முதுகு ஏன் வலிக்குது?

டைகர் உட்ஸுக்கு 2017 ஏப்ரல்ல ஃபியூஷன் நடந்தது. முதுகின் அடியில, எல்5-எஸ்1ங்கிற இடத்துல, கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துட்டு ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்ட வைச்சாங்க. 2019ல மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். கதை சுபம்னுதான் பேச்சு. அதுக்கப்புறமும் முதுகுல ஆபரேஷன்கள். 2025 அக்டோபர்ல மாத்தினது எல்4-எல்5 டிஸ்க்கை. அதாவது, நேர் மாடிவீடு!

குனியும்போது முதுகோட ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் வளையும். ஒண்ணைப் பூட்டிட்டா, அதோட வேலையும் பக்கத்து மூட்டு தலையில விழும். வயசுத் தேய்மானமும் இதோட சேர்ந்துக்கும். எது எவ்வளவுன்னு பிரிக்கிறது டாக்டர்களுக்கே கஷ்டம்.

என் அம்மாவுக்கு ஃபியூஷன் ஆகி ஆறு வருஷம். வலி திரும்பினப்போ, "ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி தாங்கிக்க வேண்டியதுதான்"னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. எனக்குக் கோபமே அந்த 'தாங்கிக்கிறது' மேலதான். புது வலிக்குப் புதுக் காரணம் இருக்கலாம். எலும்பு ஒட்டாமலே இருந்திருக்கலாம் (சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து அதிகம்). ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். எலும்பு ஒட்டியிருக்கான்னு சிடி ஸ்கேன்ல தெரியும்; நரம்பு நசுங்குதான்னு பார்க்க எம்ஆர்ஐ. வலி எங்க, எப்போ ஆரம்பிச்சது, நடந்தா கூடுதா, உட்கார்ந்தா குறையுதா, எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போங்க.

ஆனா கால் திடீர்னு பலம் இழந்தா, சிறுநீர் அடைச்சுக்கிட்டா, தொடை இடுக்கு மரத்துப் போனா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.