கடல் கடந்த தமிழ் இதழ்கள்

பிச்சாவரத்தை அடுத்த அரசுப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அருகில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை பழைய துறைமுகம். என் மாணவர் பலருக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் உண்டு. “கடல் கடந்து சென்ற தமிழர் என்ன செய்தார்கள்?” என்று கேட்டால், “கூலி வேலை, கடை” என்றே விடை வரும். அவர்கள் நூல் எழுதினர், இதழும் நடத்தினர் என்பதை வகுப்பில் சொல்ல வேண்டியுள்ளது.

1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ சிங்கப்பூரில் அச்சேறியது. 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். அது சுமார் மூன்றாண்டுகளே வெளிவந்தது. திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது.

இதே நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியரும் தம் மொழியில் இதழ் நடத்தினர். 1834இல் நியூயார்க்கில் ‘ஸ்டாட்ஸ் சைட்டுங்’ தொடங்கியது. நூற்றாண்டின் இறுதிக்குள் நூற்றுக்கணக்கான ஜெர்மன் இதழ்கள் வெளிவந்தன. ஆனால் அடுத்த தலைமுறை ஆங்கிலத்துக்கு மாறியது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபின் பல மாநிலங்கள் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதைத் தடை செய்தன. படிக்க ஆளின்றிப் பல இதழ்கள் நின்றன.

சாரங்கபாணி இந்த இடத்தில்தான் கவனமாக இருந்தார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி நிதி திரட்டினார். ‘தமிழ் முரசு’வில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கிப் பிள்ளைகளை எழுத வைத்தார். அதில் எழுதிப் பழகிய பலர் பின்னாளில் எழுத்தாளர்களாயினர். இன்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளுள் ஒன்று தமிழ். அங்குள்ள பள்ளிகளில் அது கற்பிக்கப்படுகிறது. இதழ் நிலைக்க அச்சகம் மட்டும் போதாது. படிக்கும் பிள்ளைகளும் வேண்டும்.

இதை வகுப்பில் செயல்பாடாக்கலாம். நான் எட்டாம் வகுப்பு மாணவரிடம், வெளிநாட்டில் உள்ள உறவினர் படிப்பதற்கென ஒரு கையெழுத்து இதழ் தயாரிக்கச் சொன்னேன். ஊர்ச் செய்தி, படகுத் துறை, மீன் விலை, மழை, திருமண அறிவிப்பு எனப் பக்கங்களைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். தூரத்தில் இருப்பவருக்கு எது தேவைப்படும் என்ற கேள்வியே அவர்களை எழுத வைத்தது. வழக்கமாகப் பேசத் தயங்கும் மாணவி ஒருத்தி, கடல் கொந்தளித்த நாளில் தந்தை கரை திரும்பியதை இரண்டு பக்கம் எழுதினாள்.

இதழ் முடிந்ததும் ஒரு வினா எழுப்புங்கள்: “பத்தாண்டுகள் கழித்து இதை யார் படிப்பார்கள்?” விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, சிங்கப்பூர், நியூயார்க் வரலாறுகளை அடுத்தடுத்துச் சொன்னால், மாணவர்களே இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவார்கள்.