புதிதாய் வந்த பூனைக்குட்டி நோயில் படுத்தால்



நெல்லையும் கறவை மாட்டையும் பற்றிப் பேசுகிற நேரத்தில் இன்றைக்குப் பூனைக்குட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர் பக்கத்தில் பூனை தானாகவே வந்து வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது வேறு வழியிலும் வருகிறது. சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் அங்குள்ள விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு குட்டியை எடுத்து, கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வந்து, "அம்மா, இத வெச்சிக்கோ" என்று விட்டுப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குட்டி தும்மும், கண்ணில் பீளை கட்டும், கழியும், தீனியைத் தொடாது. உடனே உழவர் உதவியகத்துக்கு வந்து, "சார், மாட்டுக்குக் குடுக்கிற மருந்துல துளி குடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், நன்றாக இருந்த குட்டி வீட்டுக்கு வந்தபின் ஏன் படுக்கிறது? காப்பகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவில் கிடந்த குட்டிகள் பலவற்றை ஒரே இடத்தில் வைக்கும்போது ஒன்றின் சளி இன்னொன்றுக்கு ஒட்டத்தான் செய்யும். நோய்க்கிருமி உடம்பில் புகுந்த அன்றே நோய் தெரியாது. பூனைச் சளிக்குச் சில நாட்கள், பூனை டிஸ்டெம்பர் என்கிற கொடிய கழிச்சல் நோய்க்கு 2 முதல் 10 நாட்கள் ஆகும். அதோடு தாயை விட்டுப் பிரிந்தது, பஸ் பயணம், புது இடம், வீட்டு நாயின் குரைப்பு எல்லாம் சேர்ந்து குட்டியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். சந்தையில் வாங்கி வந்த ஆட்டைப் பட்டியில் விடாமல் சில நாள் தனியாகக் கட்டி வைக்கிறீர்கள் அல்லவா? அதே கணக்குதான் இதற்கும். எந்தக் குட்டி வந்தாலும் இரண்டு வாரம் தனி அறையில், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பூனையோடு சேர்க்காமல் வையுங்கள். தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாம் தனி.

இனி, குட்டி சோர்ந்து படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது வாயில் பால் ஊற்றுவது. அன்பால் செய்கிறார்கள், ஆனால் அங்கேதான் பல குட்டிகள் போகின்றன. கவனிக்க வேண்டிய வரிசை இது: முதலில் சூடு, அடுத்தது நீர், அதற்குப் பிறகே தீனி.

பெரிய பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு, அதாவது நம்மைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. தொட்டால் காதும் பாதமும் ஜில்லென்று இருக்கிற குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. அப்போது ஊற்றிய பால் வயிற்றில் அப்படியே நிற்கும், அல்லது புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஆகவே அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற குண்டு பல்பும் உதவும். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. அதை மாட்டி வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அடுப்பங்கரையில் தணலுக்குப் பக்கத்தில் போடுவதும் ஆபத்து.

உடம்பு வெதுவெதுப்பானதும் நீரைக் கவனியுங்கள். உதட்டை விலக்கி ஈற்றைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரல் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுத்தால் நீர் வற்றியிருக்கிறது. கழியும் கன்றுக்குப் பார்ப்பது போலக் கழுத்துத் தோலைத் தூக்கி விட்டும் பார்க்கலாம், உடனே படியாமல் நின்றால் அதுவும் அடையாளம். வாந்தி இல்லையென்றால் மருந்துக் கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் 1 மில்லி, 2 மில்லி என்று கால் மணிக்கு ஒரு தரம் கடைவாயில் விடுங்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. குட்டி நாலு காலில் இருக்கிறபடியே, தலை நேராக இருக்க வேண்டும். துவண்டு விழுங்க முடியாத குட்டிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈற்றில் தடவிவிட்டு நேரே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இவையெல்லாம் மருத்துவரைப் பார்க்கும் வரைக்குத்தான். குட்டியின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் நீர். ஒரே நாள் கழிச்சலில் அது போய்விடும். நாளை பார்க்கலாம் என்று மாட்டுக்குக் கொடுக்கிற அவகாசத்தை இதற்குக் கொடுக்க முடியாது.

தீனியில் பசும்பால் வேண்டாம். பசும்பாலில் உள்ள சர்க்கரைச் சத்து பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிச்சலைக் கூட்டும். பல் முளைக்காத குட்டிக்கென்று தனிப் பால் மாவு கடையில் கிடைக்கிறது. ஐந்து வாரம் கடந்த குட்டிக்கு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது முள் நீக்கிய மீனை மசித்து, வெதுவெதுப்பாக வையுங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தின்னாது. சூடு பண்ணினால் வாசனை எழும். மூக்கையும் கண்ணையும் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவதும் பாதி மருந்து. மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு மட்டும் வேண்டாம். அதில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுவை அழிக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூனையின் கல்லீரல் நம் கல்லீரல் மாதிரி அல்ல, மாட்டின் கல்லீரல் மாதிரியும் அல்ல. சில மருந்துகளை முறித்து வெளியேற்றுகிற சக்தி அதற்கு மிகக் குறைவு. காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும். குட்டிக்குத் துண்டு போதும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், முறிவு மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம். அதே போல மாட்டின் உண்ணிக்குத் தெளிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் கலந்த மருந்தைத் தெள்ளுப்பூச்சி போகட்டும் என்று குட்டிமேல் தடவினால் சில மணி நேரத்தில் உடம்பு வெட்டி இழுக்கும். நாய்க்குப் போடுகிற பூச்சிப் பவுடரும் வேண்டாம். பேன் சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் தட்டினாலே தெள்ளுப்பூச்சி குறையும். அறையைப் பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். குட்டி பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும். குடற்புழு மருந்தையும் எடை பார்த்து மருத்துவர் தரட்டும்.

எலி மருந்து வைத்த வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. புரோமோடயலோன் தின்ற எலியைப் பூனை தின்றால் விஷம் பூனைக்கும் ஏறும். சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், இரத்தம் கசியும். அந்த மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பூனை வளர்ப்பதானால் எலி மருந்தை விட்டுவிடுவதே சரி, இரண்டும் ஒரு வீட்டில் ஒத்துப்போகாது.

ஏம்பலத்தில் ஒரு வீட்டில் இரண்டு குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முதல் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததாம், ஆனால் குடிக்கவில்லையாம். வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல். இது டிஸ்டெம்பரின் குணம். பிள்ளை அழுகிறதே என்று பத்து நாளில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அதே சாக்கில் படுக்க வைத்தார்கள். அந்தக் கிருமி மனிதனுக்கு ஒட்டாது. ஆனால் வீட்டுத் தரையிலும் சாக்கிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சோப்புக்கும் சாகாது. சாக்கு, துணி, பெட்டியைக் கொளுத்திவிட்டு, தரையை முதலில் கழுவி, பிறகு 5 சதவீத ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அந்த வீட்டுக்கு இனி வருகிற குட்டி தடுப்பூசி போட்டு முடித்ததாக இருக்க வேண்டும். 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

வெறிநோய் என்றதும் நாயைத்தான் நினைக்கிறோம். பூனை கடித்தாலும் கீறினாலும் அதே பயம் உண்டு. மருந்து ஊட்டும்போது குட்டி கடித்துவிட்டால், குட்டிதானே என்று மஞ்சளை அப்பிவிட்டு இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவார்கள். குட்டிக்கு வட்டவட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரை, பிள்ளைகளுக்கு ஒட்டும். மாசமாக இருக்கிற பெண்கள் மணல் தட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம், அதை ஆண்கள் செய்யட்டும்.

மளிகைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் குட்டியை நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு மாதக் குட்டி ஏறக்குறைய 400, 450 கிராம் இருக்கும், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். எடை இறங்கினாலோ, அரை நாள் தின்னாமல் இருந்தாலோ, கழிச்சலில் இரத்தம் கண்டாலோ வில்லியனூர் வழியாகக் குரும்பாபேட் போய்விடுங்கள். அங்கே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனையில் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். போகும்போது எடை எழுதிய தாளையும், சிறு டப்பாவில் கொஞ்சம் மலத்தையும், காப்பகத்தில் கொடுத்த ஊசிச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். வழியில் வெந்நீர் பாட்டில் பெட்டியிலேயே இருக்கட்டும்.